பெண்ணின் அப்பா வேஷம்

கண்ணாடிக்காரருக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்ததற்குக் காரணம் நடிப்பு அல்ல, தொண்டை. கீழே கடை, மேலே வீடு. கடையில் உட்கார்ந்தபடியே மாடியில் இருக்கும் மனைவியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார். நாலு கடை தள்ளி இருக்கும் மருந்துக்கடைக்காரர் தண்ணீரோடு வந்து நிற்பார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். நூலக அலமாரிக்குக் கண்ணாடி வாங்க வந்த நாடக டீச்சர், லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறவர்களை அவர் ஒரு பிடி பிடித்ததைக் கேட்டுவிட்டு, அளவு சொல்ல வந்ததையே மறந்துபோனார்.

"சார், நீங்க ஒரு பொண்ணுக்கு அப்பாவா நடிக்கணும்," என்றார் டீச்சர்.

"நடிக்கிறதென்ன, நான் ஒரு பொண்ணுக்கு அப்பாதானே," என்றார் கண்ணாடிக்காரர். அத்தோடு வேஷம் உறுதியாகிவிட்டது.

டீச்சர் ஊர் மன்றக் கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார். நடிகர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள். இந்த வருஷம் அவர் எடுத்துக்கொண்டது பல நூறு வருஷப் பழசான ஒரு சோக நாடகம். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு குடும்பம், அந்தக் கரையில் ஒரு குடும்பம். இரண்டுக்கும் பகை. எதற்காகப் பகை என்று நாடகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தக் கரைப் பெண்ணும் அந்தக் கரைப் பையனும் வீட்டுக்குத் தெரியாமல் நேசிக்கிறார்கள். வெள்ளம் வருகிற ஒரு நாளில், எதிரியின் ஆட்கள் இந்தக் கரைச் சந்தைக்கு வரப்போகிறார்கள் என்று பெண்ணின் அப்பா கேள்விப்படுகிறார். அவர்களை ஏற்றிவர ஒரு படகும் அக்கரைக்குப் போகக் கூடாது என்பதற்காக, இந்தக் கரையில் கட்டியிருக்கும் படகுகளை எல்லாம் அவிழ்த்து ஆற்றோடு விடச் சொல்கிறார். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த விரிசல் விட்ட படகு ஒன்றுதான் மிச்சம். ஊரை விட்டுப் போகக் கிளம்பிய பெண்ணும் பையனும் வேறு வழியில்லாமல் அதில் ஏறுகிறார்கள். மறுநாள் காலையில் இருவரின் உடலோடு படகு கரை ஒதுங்குகிறது. இரண்டு அப்பாக்களும் அதற்கு எதிரெதிரே நிற்கிறார்கள்.

படகை அவிழ்க்கச் சொல்லும் காட்சி கண்ணாடிக்காரருக்கு உயிர். "ஒரு படகு இருக்கக் கூடாது, எல்லாத்தையும் அவிழ்த்து விடுங்க" என்று அவர் முழங்கினால் கூடத்து ஜன்னல்கள் எல்லாம் அதிரும். அந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டதே அவர்தான் என்பதால் விழாது என்கிற தைரியத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கத்துவார்.

ஒத்திகையில் அவருக்குப் பிடிக்காத சங்கதி ஒன்றே ஒன்றுதான். படகு செய்ய டீச்சர் தச்சரைக் கூட்டி வந்திருந்தார்.

தச்சர் பட்டறை கண்ணாடிக்கடைக்கு நேர் எதிரே. ஒரு காலத்தில் அவரில்லாமல் இவரில்லை என்று இருந்தவர்கள். தச்சர் சட்டம் அடிப்பார், இவர் கண்ணாடி போடுவார். மத்தியானச் சோறு ஒரே அடுக்குப் பாத்திரத்திலிருந்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பத்திரண்டு ஜன்னல் வேலை வந்தது. சட்டம் தயார், கண்ணாடி தயார், கொண்டுபோய்ப் பொருத்தினால் ஒவ்வொரு கண்ணாடியும் அரை அங்குலம் அதிகம். அரை அங்குலத்தைக் கீற்றாக அறுத்து எடுப்பது சாமானிய வேலை இல்லை. நடுவில் கோடு ஓடி ஒன்பது கண்ணாடி உடைந்தது. நீ சொன்ன அளவு தப்பு என்று இவர், நீ எழுதிக்கொண்டது தப்பு என்று அவர். பள்ளிக்கூட வாசலில் வைத்து இருவரும் பேசக்கூடாததை எல்லாம் பேசினார்கள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் சட்டத்துக்காக நாலு தெரு தள்ளிப் போனார். தச்சர் கண்ணாடிக்காக ஆறு தெரு தள்ளிப் போனார். காலையில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடை திறப்பார்கள். முதலில் திறக்கிறவர் தெருவின் இடது பக்கம் பார்ப்பார், அடுத்தவர் வலது பக்கம் பார்ப்பார்.

"அந்த ஆள் வந்தா நான் வர மாட்டேன்," என்று டீச்சரிடம் சொல்லிப் பார்த்தார் கண்ணாடிக்காரர்.

"அவரு மேடை மேல ஏறவே மாட்டாரு சார். மேடைக்குக் கீழேதான் வேலை," என்றார் டீச்சர்.

தாம் மேலே, அவர் கீழே என்பது கண்ணாடிக்காரருக்குத் திருப்தியாக இருந்தது. சரி என்றுவிட்டார்.

ஒத்திகை சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. நடுவில் டீ. ஒருநாள் டீ குடிக்கும்போது, பெண்ணாக நடிக்கும் வங்கிக்காரப் பெண் சந்தேகம் கேட்டாள்.

"டீச்சர், நான் தினமும் ஆறரை மணிக்குச் சாகுறேன். யாரால சாகுறேன்னுதான் இன்னும் புரியல."

"நீங்களே சொல்லுங்க, யாரால?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார் டீச்சர்.

படகுக்காரனாக நடிக்கும் மருந்துக்கடைக்காரர் வெள்ளம்தான் காரணம் என்றார். பையனாக நடிக்கும் உடற்பயிற்சிக்கூடத்து வாலிபன், தனக்கு நீச்சல் தெரிந்திருந்தால் நாடகம் இரண்டாவது காட்சியிலேயே நல்லபடியாக முடிந்திருக்கும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்த அப்பாதான் காரணம், வேற யாரு?" என்றாள் வங்கிக்காரப் பெண்.

கண்ணாடிக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாள் அந்த வேஷத்தில் இருந்துவிட்டு அவரை விட்டுக்கொடுக்க முடியுமா?

"அவர எப்படிம்மா சொல்லலாம்? அவரு படகை அவிழ்த்தது எதிராளி வந்துடக் கூடாதுன்னு. மக அதுல போகப்போறான்னு அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா அவரே நாலு படகு வாங்கிக் கட்டியிருக்க மாட்டாரா? வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சொல்லாம கொள்ளாம போனது அதுங்க தப்பு."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் எல்லாருக்கும் பட்டது. மேடைக்குக் கீழே படகின் விலாவில் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சர், வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா? வீட்ல சொல்லியிருக்கலாம்னு அவங்க சொல்றாங்க. சொல்லக்கூடிய வீடா அது இருந்துச்சா?"

கேட்டுவிட்டு ஆணிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. கேள்வி ஒரு பக்கம். ஒரே பாத்திரத்தில் கை நனைத்த காலத்தில் வாய்க்கு வாய் "வாடா, போடா" என்றவர், இன்று மூன்றாம் மனிதரைப்போல "அவங்க" என்கிறார். திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அன்று வீட்டுக்கு ஏறும்போது, படிக்கட்டில் அவர் காலடி கேட்டதும் மகள் பால்கனியில் போன் பேச்சை நிறுத்தினாள். மகள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், இருபத்தேழு வயது. அவர் ஏறும்போதெல்லாம் அவள் பேச்சு நிற்பது வழக்கம்தான். அது வழக்கம் என்பதே அன்றுதான் அவர் மண்டையில் ஏறியது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தார்.

"நம்ம வீடு சொல்லக்கூடிய வீடா?"

"எதைச் சொல்லக்கூடிய?"

"எதையாவது."

மனைவி ஒரு சட்டையை மடித்து முடிக்கும் வரை யோசித்தாள். "போன வாரம் மிக்ஸி ரிப்பேர் ஆச்சு. உங்ககிட்ட சொல்லல. நானே தூக்கிட்டுப் போய் சரி பண்ணிட்டு வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு கீழ போட்டதுன்னு ஒரு மணி நேரம் விசாரணை நடக்கும். மிக்ஸி அப்படியேதான் கிடக்கும்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யார் கீழே போட்டது என்ற கேள்விதான் நாக்கு நுனிவரை வந்தது. மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, எனக்கு வேற ஊர் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் சேரணும்."

"எந்த ஊர்?"

சொன்னாள். ரயிலில் பத்து மணி நேரம்.

"இங்க இருக்கிற வேலைக்கு என்ன கேடு? அஞ்சு நிமிஷத்துல நடந்து போற."

"வேலைக்கு ஒண்ணுமில்லப்பா. இங்க வீடு கிடைக்கல."

"வீடா? இது என்ன சத்திரமா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய் தவறி வந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீர்ச் செம்பை மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"மூலை வீட்டு மாடியை இவளும் இவ விரும்புற பையனும் பார்த்து வெச்சிருந்தாங்க. அங்க இருந்தா நம்ம ரெண்டு பேரையும் தினமும் வந்து பார்த்துக்கலாம்னு இவ ஆசைப்பட்டா. அந்தப் பையன்தான் போய்க் கேட்டான். முதல்ல சரின்னு சொன்ன வீட்டுக்காரம்மா அப்புறம் முடியாதுன்னுட்டாங்க. யாரோ அந்தக் குடும்பத்தைப் பத்தித் தப்பா சொல்லிட்டாங்களாம்."

"எந்தப் பையன்?" என்று கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் மூலை வீட்டு மாடிக்கு உடைந்த கண்ணாடி மாற்றப் போயிருந்தார். ஜன்னல் சட்டமெல்லாம் உளுத்துக் கிடந்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது. இதில் கண்ணாடி நிற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா கேட்டார்: தச்சர் மகன், அந்த நில அளவை ஆபீசில் சர்வேயராக இருக்கிற பையன், மாடியை வாடகைக்குக் கேட்கிறான், கொடுக்கலாமா? கண்ணாடிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அளவு தெரியாத குடும்பம்மா அது. உள்ள விட்டீங்கன்னா உங்க பாடு." சொன்னபோது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

இப்போது தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து கை கழுவினார். ஒரு வார்த்தை கத்தவில்லை. அதைப் பார்த்து மனைவிக்கும் மகளுக்கும்தான் பயமாகிவிட்டது.

கடையில் ஒரு புகைப்படச் சட்டத்துக்குக் கண்ணாடி அறுக்க வேண்டியிருந்தது. மேஜையில் கண்ணாடியைக் கிடத்தி, அளவுக்கோலை வைத்து, வைரமுனையால் கீறினார். கீறல் விழும்போது ஒரே சீராகக் கிறீச்சென்று சத்தம் வர வேண்டும், விட்டுவிட்டு வந்தது. தட்டி மடக்கினார். குறுக்கே கோணலாகப் பிளந்தது. இரண்டாவது கண்ணாடியும் அப்படியே. மூன்றாவதைத் தொடவில்லை. அவருக்குத் தெரியாது, உண்மைதான். தெரிந்து செய்யவில்லை. ஆனால் எதிராளியின் பிள்ளை என்றால் மட்டும் படகை அவிழ்த்துவிடலாமா என்று யாரோ உள்ளே கேட்டார்கள். மகள் போகிற படகு என்று தெரிந்திருந்தால் நாலு படகு வாங்கிக் கட்டுவேன் என்றாரே, அடுத்தவன் மகனுக்கு இருந்ததையும் அவிழ்த்தது எந்த ஊர் நியாயம்?

கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு மூலை வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்காரம்மா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "கண்ணாடி வந்துடுச்சா?" என்றார்.

"இல்லம்மா. அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன், தச்சர் குடும்பத்தைப் பத்தி. அது பொய்."

"எது பொய்?"

"எல்லாமே. நல்ல குடும்பம். அந்தப் பையன் தங்கமான பையன்."

"உங்களுக்கு அவனைப் பழக்கமா?"

கண்ணாடிக்காரர் மாட்டிக்கொண்டார். பதினோரு வருஷமாக அவனை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. "என் பொண்ணுக்குப் பழக்கம்," என்றார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. "அவ தப்பான ஆளைத் தேர்ந்தெடுக்க மாட்டா."

வீட்டுக்காரம்மா வாளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, சங்கதி அப்படியா," என்றார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. இதுவரைக்கும் வேற யாருக்கும் வாக்குக் கொடுக்கல. ஆனா சட்டம் உளுத்துப்போச்சு, கண்ணாடி நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மழைக்கு முன்னாடி ஒரு நல்ல தச்சரைக் கூட்டிட்டு வாங்க. ஜன்னல் இல்லாத வீட்டை யாருக்குன்னு கொடுக்கிறது?"

தெருவில் நல்ல தச்சர் ஒருவர்தான் இருந்தார்.

கடைக்கும் பட்டறைக்கும் நடுவே பதினைந்து அடி ரோடுதான். பட்டறைக்குள் தச்சர் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல் காலடியில் குவிந்திருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். இழைப்புளி பாதியில் நின்றது.

"மூலை வீட்டு மாடியில ஆறு ஜன்னல், சட்டம் மாத்தணும்," என்றார் கண்ணாடிக்காரர். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரு சொன்னாங்க?" என்றார் தச்சர்.

"நான்தான் சொல்றேன். அங்க உன் பையனைப் பத்தித் தப்பா சொன்னதும் நான்தான். இப்பப் போய் மாத்திச் சொல்லிட்டு வந்தேன்."

தச்சர் இழைப்புளியைக் கதவின் மேல் வைத்தார். கோபப்படுவார் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் சௌகரியமாகவும் இருக்கும். தச்சர் ஒரு முக்காலியை இழுத்து, மேலே கிடந்த தூளைக் கையால் துடைத்துவிட்டுத் தள்ளினார்.

"உக்காரு."

பழையபடி ஒருமையில்தான் சொன்னார். கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார்.

"நீதான் சொன்னேன்னு எனக்குத் தெரியும்," என்றார் தச்சர். "அளவு தெரியாத குடும்பம்னு வேற யாரு சொல்லப்போறாங்க?"

"பையன் உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தானா?"

"ஆறு மாசம் ஆச்சு."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப உன் வீடு சொல்லக்கூடிய வீடுதான்."

"அட நீ வேற. சொன்ன அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு கேளு. மூணு நாள் அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நாலாவது நாள், உங்க விஷயத்துல நான் குறுக்க வர மாட்டேன், ஆனா அந்த ஆள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன், அந்த ஆளும் என் படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அந்த மாடியும் கை நழுவினதும் அவன் வேற ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டான். உன் ஒருத்தனால மட்டும் அதுங்க ஊரை விட்டுப் போகல. ரெண்டு அப்பனுக்கும் நடுவுல இந்த ரோட்டைத் தாண்டித் தாண்டி மாளாதுன்னுதான் போகுது. அன்னைக்கு ஒத்திகையில நான் கேட்டது உன்னைக் குத்திக் காட்டுறதுக்கு இல்ல. அந்தக் கேள்வி ஆறு மாசமா என்னையே அரிச்சுக்கிட்டு இருக்கு."

கண்ணாடிக்காரர் காலடியில் கிடந்த மரச்சீவல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

"அந்தப் பள்ளிக்கூட வேலையில," என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"அதை மட்டும் எடுக்காத," என்றார் தச்சர். "எடுத்தோம்னா நான் சரின்னு நான் சொல்லுவேன். நீ சரின்னு நீ சொல்லுவ. சாயங்காலம் ஒத்திகை இருக்கு."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க இருமினார். இருமல் தெருவின் கோடிவரை கேட்டது. மருந்துக்கடைக்காரர் தெருவில் இறங்கி எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தச்சர் பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், கடையில் மருந்து வாங்க நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மகளிடம் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். அப்பாவை அங்கே பார்த்ததும் அவள் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நடந்துக்கிட்டே பேசுவோம்," என்றார்.

மூலை வீட்டில் தாம் சொன்னது, திருத்தியது, தச்சரிடம் போனது எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மரச்சாமான் கடை, பேக்கரி, வங்கி எல்லாம் தாண்டினார்கள்.

"என் மேல இவ்வளவு பயமாம்மா உனக்கு?" என்றார் கடைசியில்.

"உங்க மேல பயம் இல்லப்பா. நீங்க அடிச்சதில்ல, வஞ்சதுகூட இல்ல. ஆனா நீங்க ஒண்ணு சொல்லிட்டா அப்புறம் அதைத் திருப்பி வாங்க மாட்டீங்க. பதினோரு வருஷமாப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். வேண்டாம்னு ஒரு தடவை நீங்க சொல்லிட்டா, அது வேண்டாம்தான். அதான் உங்களைச் சொல்ல விடக்கூடாதுன்னு சொல்லாமலே இருந்தேன்."

அவர் நடந்தபடியே அதை யோசித்தார். "இன்னைக்கு ஒண்ணு திருப்பி வாங்கியிருக்கேனே," என்றார்.

"ஆமாம்," என்றாள் மகள். "அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க." சொல்லிக்கொண்டே சின்ன வயதில் செய்வதுபோல அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முனை வரும் வரை கையை விடவில்லை. அவரும் வேகமாக நடக்கவில்லை.

வேறு ஊர் வேலையை அவள் வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். சர்வேயரின் மாற்றல் விண்ணப்பம் எந்த மேஜையில் தூங்கியதோ தெரியாது. அதை அவன் எழுப்பாமல் விட்டுவிட்டான். மூலை வீட்டு மாடியில் ஆறு ஜன்னலுக்கும் தச்சர் சட்டம் அடித்தார், கண்ணாடிக்காரர் கண்ணாடி போட்டார். இந்த முறை அளவெடுக்க இருவரும் போகவில்லை. சர்வேயர் எடுத்தான். வருங்கால மாமனாரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவன் டேப் பிடிப்பதைக் குறை சொன்னார்கள். அவன் யாருக்கும் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டான். இவன் என் மகளுக்கு ஏற்றவன்தான் என்று கண்ணாடிக்காரர் அப்போது முடிவு செய்தார். மனைவியிடம் சொன்னபோது, "அவ முடிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் அவள்.

நாடகம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. கூடம் நிறைந்திருந்தது. படகை அவிழ்க்கும் காட்சியில் கண்ணாடிக்காரர் வழக்கம்போல முழங்கினார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. தச்சர் செய்த படகு, அடியில் சக்கரம் வைத்தது, மேடையில் ஆடி அசைந்து போனபோது நிஜமாகவே தண்ணீரில் போவதுபோல இருந்தது. தச்சர் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் குனிந்து நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு வசனம்தான்: "எனக்குத் தெரியாது." ஒத்திகையில் இதை அவர் ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோலச் சொல்கிறார் என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். அன்று அவர் படகின் பக்கத்தில் வந்து நின்றார். வங்கிக்காரப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். பெயின்ட் வாசனை அடித்தது. அவளுக்கும் தன் மகள் வயதுதான். அவருக்கு வசனம் மறக்கவில்லை, வாய்தான் வரவில்லை. எதிர்க்கரை அப்பாவாக நடித்த தபால்காரர் அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார். ஒருவழியாக அவர் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது மூன்றாவது வரிசைக்குமேல் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. டீச்சர் திரை இழுக்கச் சொல்ல மறந்து நின்றார்.

"என்ன சார், கடைசியில தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ஒப்பனை கலைக்கும்போது மருந்துக்கடைக்காரர் கேட்டார். "கடைக்கு வாங்க, ஒரு மாத்திரை தரேன்."

"தண்ணி இருந்தா கொடுங்க, போதும்," என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் டீச்சரும் ஒருவர். மகள் மூலை வீட்டு மாடிக்குப் போனாள். மகள் வெளியூர் போகவில்லை, தெருக்கோடிக்குப் போயிருக்கிறாள் என்று மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் மகள். சாப்பாடு இன்னும் தயாராகவில்லை. புத்தக அலமாரியைக் கிழக்குச் சுவரில் வைக்க வேண்டும் என்றார் தச்சர். அங்கே வெயில் விழும், புத்தகம் வெளுத்துவிடும் என்றார் கண்ணாடிக்காரர். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வரும் என்பதில் ஆரம்பித்து, பேச்சு எங்கெங்கோ போயிற்று. சமையலறையில் சம்பந்தியம்மாக்கள் இருவரும் இதைக் காதில் வாங்காமல் தங்கள் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கடைக்குப் போய் ஒரு படி தயிர் வாங்கிட்டு வாங்க. வர்றதுக்குள்ள அலமாரியை நானே வெச்சுடுறேன்."

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தெருவில் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சோம்பல். கடைகள் பாதி மூடிக் கிடந்தன. தயிர்க்கடைக்கு வலது பக்கமாகப் போவதா, இடது பக்கமாகப் போவதா என்று தச்சர் ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் ஒரே தூரம்தான் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். இருந்தாலும் வாதாடிப் பார்த்தார். வாதாடிக்கொண்டே தச்சர் காட்டிய பக்கம் நடந்தார்.